முன் ஏர் கோணினால்: காலநிலைப் பேச்சில் 'முன்' 'பின்' என்னும் சொற்கள்

தமிழில் 'முன்' என்கிற சொல் ஒரே நேரத்தில் இரண்டு வேலை பார்க்கிறது. 'முன்னால் போ' என்கிறபோது இனிமேல் போகவேண்டிய திசையைக் காட்டுகிறது. 'முன்னோர்', 'முன்பொரு காலத்தில்' என்கிறபோது நடந்து முடிந்ததைக் காட்டுகிறது. 'பின்' என்பதும் அப்படித்தான். பின்தங்கியவன் முதுகுக்குப் பின்னால் நிற்கிறான், பின்னாளோ இன்னும் வரவேயில்லை. இலக்கண வகுப்பில் இடப்பெயர், காலப்பெயர் என்று பிரித்தெழுதி மதிப்பெண் வாங்கிக்கொண்டு நாம் கடந்துவிட்ட இந்த இரட்டைத்தன்மையை, காலநிலை மாற்றம் குறித்த சர்வதேசச் சொல்லாடலுக்குள் கொண்டுபோய் வைத்தால் விவகாரமாகிவிடுகிறது. கரியமில வாயுவைக் குறைப்பதில் ஒரு நாடு மற்றவர்களுக்கு முன்னால் போகவேண்டுமா, அல்லது மற்றவர்கள் செய்யட்டும் பார்க்கலாம் என்று பின்னால் வரவேண்டுமா என்று முப்பது வருஷத்துக்கும் மேலாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். இரண்டு கட்சிக்காரர்களும் 'முன்' என்பதன் முதல் பொருளை மட்டும் எடுத்துக்கொண்டு, முன்பே எரித்தவர் யார் என்கிற இரண்டாவது பொருளைச் சௌகரியமாக விட்டுவிடுகிறார்கள். 'முன்னேறிய நாடுகள்' என்று நாம் கூச்சமில்லாமல் எழுதுகிற தொடரில் இரண்டு பொருளும் ஒட்டிக்கொண்டு கிடக்கின்றன. 1750 முதல் மனிதர்கள் காற்றில் ஏற்றிய கரியமில வாயுவில் ஏறத்தாழ கால்பங்கு அமெரிக்காவினுடையது. இந்தியாவின் பங்கு நூற்றுக்கு மூன்று, நாலு. முன்னேறுதல் என்றால் முன்பே எரித்தல்.

இந்தப் பொருள் 1992ஆம் ஆண்டு ரியோவில் கையெழுத்தான ஐ.நா. காலநிலை உடன்படிக்கையில் இருக்கத்தான் செய்கிறது. மூன்றாவது பிரிவின் முதல் பத்தியைப் பாருங்கள். நாடுகளுக்குப் பொதுவான, ஆனால் வேறுபட்ட பொறுப்புகள் உண்டு என்று சொல்கிறது. சமத்துவம் பற்றியும் அவரவர் திறன் பற்றியும் சொல்கிறது. அதன் பிறகு, 'ஆகவே' வளர்ந்த நாடுகள் தலைமையேற்க வேண்டும் என்கிறது. அந்தப் பத்தியின் உயிர் இந்த 'ஆகவே'யில்தான் இருக்கிறது. அவர்கள் முன்னால் போகவேண்டியது அறிவிலும் துணிச்சலிலும் சிறந்தவர்கள் என்பதால் அல்ல, பாக்கி வைத்திருக்கிறார்கள் என்பதால். கடன்பட்டவன் முதலில் எடுத்துவைப்பதற்குத் தலைமை என்று யாரும் பேர் வைப்பதில்லை. ரியோவில் வைத்தார்கள். அங்கேயே கோளாறு ஆரம்பித்தது என்று நினைக்கிறேன்.

அதற்கு முந்தின வருஷம், 1991இல், டெல்லியிலிருந்து அனில் அகர்வாலும் சுனிதா நாராயணும் ஒரு சிறு நூல் எழுதினார்கள். அமெரிக்க ஆய்வு நிறுவனம் ஒன்று இந்தியாவையும் சீனாவையும் பிரேசிலையும் பெருங்குற்றவாளிகளின் வரிசையில் நிறுத்திக் கணக்குக் காட்டியிருந்ததற்குப் பதில் அது. நெல்வயலிலிருந்து எழும் மீத்தேனையும் கார்ப் புகையையும் ஒரே தராசில் போடுகிற கணக்கு என்ன கணக்கு என்று கேட்டார்கள். ஒன்று பிழைப்புக்கான உமிழ்வு, மற்றது சொகுசுக்கான உமிழ்வு. தஞ்சாவூர் விவசாயியையும் டெட்ராய்ட் கார்க்காரரையும் ஒரே பெயரால் அழைக்க முடியாது. இந்த வேறுபாட்டை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். அன்று அதை நாடுகளுக்கு நடுவே கோடாகப் போட்டார்கள். நாட்டுக்குள்ளே அந்தக் கோட்டை நீட்டத்தான் ஆளில்லை.

'ஆகவே'யைக் கழற்றிப் போட அதிக நாள் ஆகவில்லை. 1997 ஜூலையில் அமெரிக்க செனட் 95-0 என்ற கணக்கில் ஒரு தீர்மானம் போட்டது. வளரும் நாடுகளும் அதே காலத்தில் கட்டுப்படாத எந்த ஒப்பந்தத்திலும் அமெரிக்கா கையெழுத்திடக் கூடாது என்பது அதன் சாரம். எதிர்த்து ஒரு ஓட்டு இல்லை. கியோட்டோ கூட்டம் நடந்தது அதற்கு ஐந்து மாதம் கழித்து. கடனைக் கேட்கப் போனவனிடம், 'நீயும் என்கூடச் சேர்ந்து கட்டு, இல்லாட்டி நானும் கட்டமாட்டேன்' என்கிற நியாயம் இது. முன்னத்தி ஆள் பின்னத்தி ஆளைப் பார்த்து நிற்கிறான்.

பாரிஸில் நடந்தது இதைவிட நுட்பமானது. 2015 டிசம்பர் 12. இறுதி வரைவின் நான்காம் பிரிவில் வளர்ந்த நாடுகளுக்கு ஒரு வினைச்சொல்லும் வளரும் நாடுகளுக்கு வேறொரு வினைச்சொல்லும் இருந்தன. முன்னது கட்டாயம், சட்டத்தால் கட்டுவது. பின்னது அறிவுரை, செய்தால் நல்லது என்பது. அமெரிக்கத் தரப்பு இதைப் பார்த்துவிட்டது. கட்டாயச் சொல் இருந்தால் செனட்டுக்குக் கொண்டுபோக வேண்டும், செனட்டில் தேறாது. கடைசி நேரத்தில், மற்ற சில்லறைத் திருத்தங்களோடு திருத்தமாக, எழுத்துப்பிழையைச் சரிசெய்கிற தோரணையில் மேடையிலிருந்து வாசித்து அந்தச் சொல்லை மாற்றினார்கள். சுத்தியல் தட்டப்பட்டது, கைதட்டினார்கள், கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். தமிழில் பெயர்த்தால் இரண்டுமே 'வேண்டும்' என்றுதான் வரும், வித்தியாசம் தெரியாது. ஆனால் நம் இலக்கணக்காரர்களுக்கு இது தெரிந்திருந்தது. வியங்கோளுக்கு வாழ்த்தல், வைதல், விதித்தல், வேண்டல் என்று நாலு பொருள் சொல்வார்கள். வடிவம் ஒன்று, பொருள் நாலு. பாரிஸில் அந்தச் சாயங்காலம் விதித்தல் வேண்டலாயிற்று. ஒரு பிரதியில் ஒரு சொல் மாறுவதால் என்ன ஆகிவிடும் என்று கேட்கிற தோழர்கள் இந்த ஒரு சொல்லை யோசிக்கவேண்டும். அவ்வளவு கெஞ்சியும் 2017இல் ஒருதரம், 2025 ஜனவரியில் மறுதரம் அமெரிக்க அதிபர் விலகுவதாக அறிவித்தார் என்பது தனிக்கதை.

இப்படிக் கடன் என்கிற பொருள் கழன்றுபோன பிறகு, மிச்சமிருக்கிற 'தலைமை' வெறும் பரிசுக்கோப்பை. பிரிட்டனை எடுத்துக்கொள்வோம். பொதுமக்களுக்கு மின்சாரம் கொடுத்த உலகின் முதல் நிலக்கரி மின்நிலையம் 1882இல் லண்டன் ஹோல்போர்னில் தொடங்கியது. அந்நாட்டின் கடைசி நிலக்கரி மின்நிலையமான ராட்கிளிஃப் 2024 செப்டம்பர் 30இல் மூடப்பட்டது. நடுவில் 142 வருஷம். 2008இல் காலநிலைக்கென்று தனிச்சட்டமும் போட்டார்கள். இது சாதனைதான், மறுக்கவில்லை. ஆனால் எண்ணிக்கையில் பாருங்கள்: எல்லைக்குள் எழும் புகை குறைந்த அளவுக்கு, வெளியூரில் செய்து இறக்குமதியாகிற பொருட்களின் புகையையும் சேர்த்துக் கணக்கிட்டால் குறையவில்லை. நார்வேயில் 2024இல் விற்ற புதுக் கார்களில் பத்தில் ஒன்பது மின்கார்கள். அதே நார்வே எண்ணெயும் எரிவாயுவும் ஏற்றுமதி செய்து வாழ்கிறது. எரிக்கிற இடத்தில்தான் கணக்கு எழுதப்படும் என்பது விதி என்பதால் தோண்டுகிற கை சுத்தமாக இருக்கிறது.

பிறகு இதே பிரிட்டனில், 2023 செப்டம்பரில், பெட்ரோல் கார் தடையை 2030இலிருந்து 2035க்குத் தள்ளிவைத்த பிரதமர் ரிஷி சுனக் சொன்ன காரணம் என்ன? உலக உமிழ்வில் எங்கள் பங்கு நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை, மற்ற நாட்டுக்காரர்களைவிட எங்கள் மக்கள் ஏன் அதிகம் சுமக்கவேண்டும் என்பது. இந்த 'ஒரு சதவீத' வாதம் எல்லா ஊரிலும் உண்டு, ஆஸ்திரேலியாவில் அன்றாடம் கேட்கலாம். இப்படி நூற்றுக்கு இரண்டுக்கும் கீழே இருக்கிற நாடுகளையெல்லாம் கூட்டினால் உலக உமிழ்வில் மூன்றில் ஒரு பங்கு வரும். அதைவிட முக்கியம், இந்தச் சதவீதம் இந்த வருஷத்துப் புகையின் சதவீதம். ஹோல்போர்னிலிருந்து எழுந்த புகை அதில் இல்லை. தலைமை வேண்டியபோது வரலாற்றைக் காட்டுவது, செலவு வந்தபோது நடப்பு ஆண்டைக் காட்டுவது. முன்னோடி என்பவனும் பின்தொடர்பவன் என்பவனும் ஒரே ஆள் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை.

முன் ஏர் போன வழி பின் ஏர் என்பார்கள் நம் ஊரில். முன்னத்தி ஏரைக் கைதேர்ந்த ஆளிடம்தான் கொடுப்பார்கள். அது கோணினால் வயல் முழுக்கக் கோணல். நாம் நிலக்கரியில் பின் ஏராகத்தான் போனோம், அந்த ஏரைப் பூட்டிக் கொடுத்ததும் கம்பெனிக்காரன்தான். ராணிகஞ்சில் 1774இலேயே தோண்டத் தொடங்கிவிட்டான். ஆக, பின்தொடர்வது பத்திரமானது என்கிற நம்பிக்கைக்கு ஆதாரம் கிடையாது. கோணலையும் சேர்த்துத்தான் பின்தொடர்கிறோம்.

மாறாக, உண்மையிலேயே முன்னால் போன ஒரு காரியமும் உண்டு. ஜெர்மனி 2000ஆம் ஆண்டில் ஒரு சட்டம் போட்டது. சூரிய மின்சாரம் தயாரிப்பவருக்கு இருபது வருஷத்துக்கு நிச்சய விலை. அப்போது அது அநியாய விலை. 'உலகம் சும்மா இருக்க நாம் மட்டும் ஏன்' என்று அங்கேயும் கேட்டார்கள். ஆனால் சந்தை உண்டானது, அந்தச் சந்தைக்காகச் சீனத்தில் தொழிற்சாலைகள் எழுந்தன, 2010க்கும் 2020க்கும் இடையில் தகட்டின் விலை பத்தில் ஒன்றாகச் சரிந்தது. ஜெர்மனியின் பெரிய கம்பெனியான க்யூ-செல்ஸ் 2012இல் திவாலானது. தேசக்கணக்கு எழுதுகிறவர்களுக்கு இது தோல்வி. எனக்கு அப்படித் தெரியவில்லை. நம் ராமநாதபுரம் மாவட்டத்துக் கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் 2016இல் வந்தபோது யூனிட்டுக்கு ஒப்பந்த விலை 7 ரூபாய் 1 காசு. 2020 டிசம்பரில் குஜராத் ஏலத்தில் கேட்ட விலை 1 ரூபாய் 99 காசு. இந்தச் சரிவுக்கு விதைபோட்டதில் ஜெர்மானியக் குடித்தனக்காரர் மின்கட்டணத்தோடு கட்டிய கூடுதல் காசும் சேர்ந்திருக்கிறது. முன்னே போவதால் நஷ்டமே என்கிற வாதத்தைக் கமுதிக்கு வந்து சொல்லிப் பார்க்கட்டும்.

ஆனால் இதையும் முழுசாக வாசிக்கவேண்டும். அந்தக் கூடுதல் கட்டணத்தை வீட்டுக்காரர்கள் கட்டினார்கள். மின்சாரத்தை அதிகம் தின்கிற பெருந்தொழிற்சாலைகளுக்குப் பெரும் விலக்கு. 'ஜெர்மனி முன்னால் போனது' என்கிற வாக்கியத்தில் எழுவாய் யார்? தேசம் என்கிற ஒற்றை உடல் நடந்துபோவதாகச் சொல்கிற இந்தக் கதையாடல், யார் காலால் நடந்தது என்பதை மௌனமாக்குகிறது. முன், பின் என்கிற எதிர்வைக் கட்டுடைக்க வேண்டிய இடம் இதுதான். தத்துவ விளையாட்டுக்காகச் சொல்லவில்லை, சோற்றுப் பிரச்சினை.

இந்தியாவுக்கு வருவோம். 2007இல் ஜெர்மனியில் நடந்த கூட்டத்தில் மன்மோகன் சிங் ஒரு வாக்குறுதி தந்தார்: எங்கள் தலைக்கணக்கு உமிழ்வு வளர்ந்த நாடுகளின் தலைக்கணக்கை ஒருபோதும் தாண்டாது. பின்தொடர்பவனின் நிலைப்பாட்டில் இதைவிடச் சாமர்த்தியமானது கிடையாது. நீ எவ்வளவு இறங்குகிறாயோ அவ்வளவுக்கு என் கூரையும் இறங்கும் என்கிறது. நியாயமும் இருக்கிறது, ஓர் அமெரிக்கருக்கு வருஷம் 14 டன், ஓர் இந்தியருக்கு 2 டன். அந்த ஓர் இந்தியர் யார் என்று அதே வருஷம் கிரீன்பீஸ் இந்தியா ஓர் அறிக்கையில் கேட்டது. 'ஏழைகளின் பின்னால் ஒளிந்துகொள்ளுதல்' என்பது அதன் தலைப்பு. வசதியானவர்களின் புகையை ஏழைகளின் எண்ணிக்கையால் வகுத்துச் சராசரி காட்டுகிறார்கள் என்பது வாதம். 'பின்னால்' என்பதற்கு மூன்றாவது பொருளும் கிடைத்துவிட்டது பாருங்கள். அகர்வாலும் நாராயணும் நாடுகளுக்கு நடுவே போட்ட கோட்டை நீட்டினால் அது டெல்லிக்குள்ளும் சென்னைக்குள்ளும் ஓடும். நாலு ஏசி போட்ட வீட்டுக்கும், எண்ணூரில் அனல்மின் சாம்பல் படிந்த கொசஸ்தலை ஆற்றில் வலைபோடுகிற குடும்பத்துக்கும் நடுவே ஓடும்.

இப்படிச் சொன்னால் நம் தோழர்களிலேயே சிலர் பதறுகிறார்கள். உள்வீட்டுச் சண்டையைப் பேசினால் வெளியே பேரம் கெட்டுப்போகும், ஏகாதிபத்தியத்துக்கு வாய்ப்பாகிவிடும் என்கிறார்கள். ஒப்புக்கொள்ள முடியவில்லை. கடனை வசூலிக்கிற உரிமை யாருடைய பெயரில் இருக்கிறதோ அவர்களுக்கே வசூல் போய்ச் சேரவேண்டும் என்று கேட்பது எப்படிப் பேரத்தைக் கெடுக்கும்? 2009இல் கோபன்ஹேகனில் ஒத்துக்கொண்ட வருஷத்துக்குப் பத்தாயிரம் கோடி டாலரை 2020க்குள் தந்திருக்கவேண்டும், 2022இல்தான் எட்டினார்கள், அதிலும் பெரும்பகுதி கடன். அதைக் கறாராகக் கேட்டே ஆகவேண்டும். கேட்டு வாங்குகிற வரைக்கும் இங்கே ஏசிக்காரனும் காத்திருக்கிறேன் என்று சொல்ல உரிமையில்லை. அவனுக்கு அமெரிக்கன் பாக்கி எதுவும் வைக்கவில்லை.

'முன்னால் போகிறோம்' என்று இப்போது டெல்லியும் பேசத் தொடங்கியிருக்கிறது. மின்நிறுவு திறனில் பாதி புதைபடிவம் அல்லாதது என்கிற 2030 இலக்கை 2025 ஜூனிலேயே எட்டிவிட்டோம் என்கிறார்கள். உண்மைதான். திறன் என்பது நிறுவிய கருவியின் அளவு, ஓடுகிற மின்சாரம் அல்ல. ஓடுவதில் இன்னும் பத்தில் ஏழு பங்கு அளவுக்கு நிலக்கரி. அந்தத் திறன் எங்கே நிறுவப்படுகிறது என்றும் பார்க்கவேண்டும். கர்நாடகத்தில் பாவகடாவில் 2050 மெகாவாட்டுக்காகச் சுமார் 13,000 ஏக்கரைக் குத்தகைக்கு எடுத்தார்கள். நிலம் வைத்திருந்தவருக்கு ஏக்கருக்கு வருஷம் 21,000 ரூபாய் என்று தொடங்கியது குத்தகை. அந்த நிலத்தில் களையெடுத்தும் கடலை பறித்தும் கூலி வாங்கிய நிலமில்லாதவர்களோடு யாரும் ஒப்பந்தம் போடவில்லை. அவர்களில் தலித்துகள் எத்தனை பேர், பெண்கள் எத்தனை பேர் என்று இந்தப் பத்திரிகை வாசகர்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

2022 ஆகஸ்டில் ஐ.நா.வுக்கு இந்தியா அனுப்பிய திருத்திய உறுதிமொழியில் முதல் இனம் மின்சாரம் பற்றியதே அல்ல. மரபிலும் சிக்கனத்திலும் வேரூன்றிய வாழ்க்கை முறையை மக்கள் இயக்கமாகப் பரப்புவோம் என்பது. கோடிப்பேர் ஏற்கனவே சிக்கனமாகத்தான் இருக்கிறார்கள், வேறு வழியில்லாமல். தகரக்கூரைக்குக் கீழே ஒற்றை மின்விசிறியோடு இருப்பவளிடமும் இந்த இனம் சிக்கனத்தைக் கேட்கிறது, நாலு ஏசிக்காரனிடமும் அதே வியங்கோளில் கேட்கிறது. அவளுக்கு விதித்தல், அவனுக்கு வேண்டல்.