ஒரு பீப்பாய், மூன்று நாள்

லீட்ஸ் நகரில் மாணவனாக இருந்தபோது ஒரு பப்பில் பகுதிநேர வேலை பார்த்தேன். கதவு திறப்பதற்குக் கால் மணி நேரம் முன்பு எனக்கொரு வேலை உண்டு. கவுண்டரில் வரிசையாக நிற்கும் கைப்பிடிகளை ஒவ்வொன்றாக இழுத்து, இரவெல்லாம் குழாயில் தேங்கிய பீரை வாளியில் விட வேண்டும். முதலில் வருவது வெதுவெதுப்பாக, நுரையின்றி, சோர்ந்து விழும். மூன்று நான்கு இழுப்புக்குப் பிறகு நிலவறையிலிருந்து புது பீர் ஏறி வரும். கண்ணாடிக் கோப்பையைப் பிடித்திருக்கும் கைக்கு அது உடனே தெரிந்துவிடும். கோப்பை சில்லென்று ஆகிவிடும்.

ஒருநாள் மேலாளர், வாளியில் விடாதே, குடுவையில் பிடித்து வை, முதலில் வருபவருக்கு ஊற்றிக் கொடு என்றார். அன்று முதலில் வந்தவர் தினமும் வரும் ஒரு முதியவர். கொடுத்தேன். ஒரு மிடறு குடித்தார், என்னைப் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் தன் மேசைக்குப் போனார். மறுநாள் அவர் பாட்டில் பீர் வாங்கினார். அந்தக் கைப்பிடிப் பக்கம் பிறகு அவர் வரவே இல்லை.

அந்தக் குழாயில் எவ்வளவு நின்றிருக்கும் என்று பின்னாளில் கணக்குப் போட்டேன். உள்விட்டம் அரை அங்குலம், நீளம் நான்கு மீட்டர் என்றால் அரை லிட்டர். அதற்கு மேல் பம்பின் உருளைக்குள் கால் லிட்டருக்குச் சற்று அதிகம். ஆங்கிலேயரின் ஒரு பைண்ட் 568 மில்லிலிட்டர். அந்தப் பெரியவர் குடித்தது முழுக்க முழுக்க நேற்றைய பீர்.

இங்கிலாந்தின் பீர்க் கைப்பம்பு எளிய கருவிதான். நம் தெருமுனை அடிபம்பின் நெருங்கிய உறவு என்று சொல்லலாம். கவுண்டருக்கு அடியில் ஒரு உருளை. பழைய அளவுப்படி அரை பைண்ட் கொள்ளும். அதற்குள் ஒரு பிஸ்டன், திரும்பிப் போக விடாத வால்வுகள். கைப்பிடியை நம் பக்கமாக இழுத்தால் பிஸ்டன் மேலே ஏறும். மேலிருக்கும் பீர் அன்னக்கழுத்துபோல் வளைந்த மூக்குவழியாகக் கோப்பைக்குள் இறங்கும். அதே நேரத்தில் நிலவறையின் பீப்பாயிலிருந்து அடுத்த அரை பைண்ட் கீழிருந்து நிரம்பும். இரண்டு முழு இழுப்பு, ஒரு சின்ன இழுப்பு, கோப்பை நிறைந்துவிடும். மின்சாரம் வேண்டாம், வாயு உருளை வேண்டாம்.

இதன் கதை முன்னூறு ஆண்டுக்கும் மேற்பட்டது. ஹாலந்திலிருந்து லண்டனுக்கு வந்து தீயணைப்பு இயந்திரம் செய்த ஜான் லாஃப்டிங், பீரை இடம் மாற்றவும் ஒரு கருவியை வகுத்திருப்பதாக 1691-இல் லண்டன் கெஜட்டில் அறிவித்தார். நீரழுத்த இயந்திரத்தையும் பூட்டையும் வடிவமைத்த ஜோசப் பிராமா, 1797-இல் பீர் எடுக்கும் கருவி ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கைப்பம்பு பப்புகளில் வேரூன்றியது. அதற்கு முன்பு வேலைக்காரப் பையன்கள் குடுவையோடு நிலவறைக்கு ஓடி ஓடி ஏறி இறங்கினார்கள். பம்பு வந்தபின் பீப்பாய் குளிர்ச்சியான நிலவறையிலேயே இருக்க, கடைக்காரர் கவுண்டரை விட்டு நகராமல் ஊற்ற முடிந்தது. சூடான கூடத்தையும் குளிர்ந்த கிடங்கையும் பிரித்து வைத்ததுதான் இந்தக் கருவி செய்த முதல் நன்மை. அதன் மற்ற சிறப்புகளெல்லாம் அதற்குப் பிறகு வந்தவை.

சிறப்பு என்று நான் முதலில் வைப்பது இது எதையும் சேர்ப்பதில்லை என்பதைத்தான். பீப்பாய்க்குள் இருப்பது உயிருள்ள பீர். ஆலையிலிருந்து வரும்போதே அதற்குள் ஈஸ்ட் இருக்கும். பீப்பாய்க்குள்ளேயே மறுபடி மெல்லப் புளித்து, தன் வாயுவைத் தானே உண்டாக்கிக்கொள்ளும். வண்டல் அடியில் படிய, மீனின் காற்றுப்பையிலிருந்து எடுத்த தெளிவிப்பானைச் சேர்ப்பது வழக்கம். நம் கடற்கரையில் மீனவர்கள் நெட்டி என்று சொல்லும் அதே பொருள். பீப்பாயை மேடையில் படுக்க வைத்து, மேல்துளையில் காற்றுப் புகும் மென்முளையைச் செருகி, மிகையான வாயு அடங்கும்வரை ஓரிரு நாள் காத்திருக்க வேண்டும். பிறகு இறுக்கமான வன்முளை. 11 முதல் 13 பாகை செல்சியஸ் வரை வெப்பநிலை. இவ்வளவும் சரியாக அமைந்தால் வரும் பீரில், நாக்கைக் குத்தாத மெல்லிய வாயுவும், மால்ட்டின் இனிப்பும், ஹாப் பூவின் கசப்பும் தனித்தனியே தெரியும். வாயுவை அழுத்திப் புகட்டிய, பல்லைக் கூச வைக்கும் குளிரில் கொடுக்கப்படும் பீரில் இந்த வேறுபாடுகள் மங்கிவிடும். கைப்பம்பு நிலவறையின் உழைப்பைக் கெடுக்காமல் மேலே கொண்டுவருகிறது. அந்த அடக்கத்தை நான் பெரிதும் மதிக்கிறேன்.

ஆனால் அது எடுக்கும்போது ஒன்றை உள்ளே விடுகிறது. ஒரு பைண்ட் பீர் வெளியே வந்தால், ஒரு பைண்ட் அளவுக்கு நிலவறைக் காற்று மேல்துளை வழியாகப் பீப்பாய்க்குள் போகும். வேறு வழியில்லை, இல்லாவிட்டால் பம்பு இழுக்காது. காற்றோடு ஆக்ஸிஜன் போகும், கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களும் போகும். முதல் நாள் அந்தக் காற்று பீரை லேசாக மலர வைக்கும் என்று சொல்வோர் உண்டு, நானும் சுவைத்துணர்ந்திருக்கிறேன். இரண்டாம் நாள் நன்றாக இருக்கும். மூன்றாம் நாளோடு சரி. அதற்கு மேல் போனால் வாயு போய்ச் சப்பென்று ஆகும், பிறகு காடிவாடை தலைகாட்டும். காலையில் இறக்கிய கள் மாலையில் வேறாகிவிடுவதைக் கண்டவர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

இந்த முறையின் எல்லாச் சிக்கலும் இங்கிருந்துதான் கிளைக்கிறது. ஆகவே கணக்கைப் பார்ப்போம். பப்புகளில் பரவலாகப் புழங்கும் ஃபிர்கின் என்ற பீப்பாய் 9 கேலன். அதாவது 72 பைண்ட். மூன்று நாளில் தீர வேண்டுமானால் நாளுக்கு 24 பைண்ட் விற்றாக வேண்டும். இது ஒரு கைப்பிடிக்கு. கவுண்டரில் எட்டுக் கைப்பிடி நின்றால் நாளுக்கு 192 பைண்ட். செவ்வாய்க்கிழமை இரவில், மழை பெய்யும் ஒரு சிற்றூரில், அத்தனை பைண்ட் குடிக்க யார் வருவார்கள்? வர மாட்டார்கள். பீர் நான்காம் நாளும் ஐந்தாம் நாளும் ஊற்றப்படும். அதைக் குடித்தவர், கைப்பம்புப் பீர் என்றாலே இப்படித்தான் என்று முடிவு கட்டிவிடுவார். விதவிதமாக இருந்தால் கூட்டம் வரும் என்று நம்பிக் கைப்பிடிகளை வரிசையாக நட்ட கடைகள் பலவற்றில் நான் கண்ட காட்சி இது. கூட்டத்தைக் கூட்ட நட்ட கைப்பிடியே கூட்டத்தைக் கலைத்தது.

இந்தச் சிக்கலுக்கு ஒரு மருந்து உண்டு. பீப்பாயின் மேல்துளையில் சிறு வால்வு ஒன்றைப் பொருத்தினால், காற்றுக்குப் பதிலாகக் கார்பன் டை ஆக்சைடு, சாதாரணக் காற்றழுத்தத்திலேயே, காலியான இடத்தை மட்டும் நிரப்பும். பீருக்குள் புதிதாக வாயு ஏறாது. ஆயுள் சில நாள் கூடும். இதை நெடுங்காலம் எதிர்த்தது கேம்ரா. 1971-இல் நான்கு நண்பர்கள் தொடங்கிய மெய் ஏல் பிரசார இயக்கம் அது. பாஸ்டுரைஸ் செய்து, வடிகட்டி, வாயு ஏற்றிய கெக் பீர் நாடெங்கும் பரவிய காலத்தில் பீப்பாய்ப் பீரை மீட்டது அவர்கள்தான். அந்த நன்றியை மறக்கக் கூடாது. ஆயினும் வெளியிலிருந்து ஒரு துளி வாயுவும் கூடாது என்ற அவர்களது வரையறை, கூட்டம் குறைந்த சிறு பப்புகளுக்குக் கழுத்தில் கட்டிய கல்லானது. 2018-இல்தான் அந்த வால்வு விஷயத்தில் நடுநிலை என்று உறுப்பினர்கள் முடிவெடுத்தார்கள். முன்பே எடுத்திருக்க வேண்டிய முடிவு. கெட்டுப்போன தூய பீரைவிட, சற்றே காக்கப்பட்ட நல்ல பீர் மேல் என்பது என் உறுதியான எண்ணம். வேகமாக விற்கும் கடைக்கு அந்த வால்வு தேவையில்லை.

இனி நுரை. இங்கிலாந்தின் வடக்கில் பம்பின் மூக்கு நுனியில் சிறு துளைகள் கொண்ட ஒரு மூடியைத் திருகி வைப்பார்கள். ஸ்பார்க்ளர் என்று பெயர். பீர் அந்தத் துளைகளில் பீறிட்டு வரும்போது பாலாடைபோல் கெட்டி நுரை எழும்பும். தெற்கில் அதைத் தொடவே மாட்டார்கள். இரண்டு பக்கமும் இதைக் கௌரவப் பிரச்சினையாக்கிச் சண்டை போடும். யார்க்‌ஷயரின் பிட்டர் பீர் அந்த நுரையை மனத்தில் வைத்தே காய்ச்சப்படுவது. அதற்கு ஸ்பார்க்ளர் அழகு. வாயு மெலிந்த தெற்கத்தி பீரில் அது இருக்கும் கொஞ்ச வாயுவையும் பிழிந்தெடுத்துவிடும். எனக்கு உறுத்துவது வேறு ஒன்று. சோர்ந்துபோன நான்காம் நாள் பீருக்கும் ஸ்பார்க்ளர் வெண்ணுரை கட்டிவிடும். கண்ணை ஏமாற்றலாம், நாக்கு உடனே கண்டுபிடிக்கும்.

வடக்கில் எக்கனமைசர் என்ற ஏற்பாடும் இருந்தது. தட்டில் வழிந்ததைக் குழாய்க்கே திருப்பி அடுத்த இழுப்பில் கலக்கும் முறை. கோப்பையின் வெளிப்புறமும் ஊற்றுபவர் விரலும் நனைந்த பீர் அது. ஒவ்வொரு முறையும் புதுக்கோப்பை என்று விதி வைத்தாலும், இதற்கு நான் ஒரு நியாயமும் காணவில்லை.

நுரையோடு சேர்ந்தது அளவு. விளிம்புவரை பிடித்தால் ஒரு பைண்ட் என்று கணக்கிட்ட கோப்பையில் நுரைக்கு இடம் எங்கே? குறைந்தது 95 விழுக்காடு பீர் இருக்க வேண்டும் என்பது தொழில்துறையின் வழிகாட்டுதல். அந்த 5 விழுக்காட்டை 72 பைண்டுக்குக் கூட்டினால் மூன்றரை பைண்டுக்கு மேல் வரும். அந்தப் பணத்தைக் கொடுப்பவர் குடிப்பவர்தான். சற்றுப் பெரிய, கோடு போட்ட கோப்பை வைத்தால் பிரச்சினை தீரும். ஒரு காலத்தில் மிட்லண்ட்ஸ் பகுதியில், பொத்தானை அழுத்தினால் துல்லியமாக அரை பைண்ட் ஊற்றும் மின்பம்புகள் பீப்பாய்ப் பீருக்கே இருந்தன. அளவில் அவை கைப்பம்பைவிட நேர்மையானவை. ஆனால் பார்வைக்குக் கெக் பீரின் குழாயைப் போலவே இருந்ததால், எது உயிருள்ளது எது இல்லாதது என்று வாடிக்கையாளருக்குத் தெரியவில்லை. நீண்ட கைப்பிடி அந்தக் குழப்பத்தைத் தீர்த்தது, மின்பம்பு ஒழிந்தது. அளவைக் கொடுத்து அடையாளத்தை வாங்கினார்கள்.

அப்படி விலை கொடுத்து வாங்கிய அடையாளம் என்பதால்தான் 2024-இல் நடந்தது எனக்குக் கோபமூட்டியது. கார்ல்ஸ்பெர்க் மார்ஸ்டன்ஸ் நிறுவனம், கெக்கில் அடைத்த பீரை ஃப்ரெஷ் ஏல் என்ற பெயரில் கைப்பம்பு வழியாகவே ஊற்றும் திட்டத்தைக் கொண்டுவந்தது. கேம்ரா எதிர்த்தது. பீர் நன்றாக இருக்கிறதா இல்லையா என்பது இங்கே கேள்வியே இல்லை. பம்பை இழுக்கும் கை பார்ப்பவருக்கு ஒரு செய்தி சொல்கிறது: கீழே பீப்பாய் இருக்கிறது, அதை ஒருவர் பார்த்துக்கொள்கிறார். கீழே கெக் இருக்குமானால் அந்தச் செய்தி பொய். கைப்பிடியைப் பயன்படுத்தத்தான் வேண்டுமென்றால், கண்ணுக்குத் தெரியும் எழுத்தில் கெக் என்று அதன் மேலேயே எழுத வேண்டும்.

இந்தப் பம்பு இங்கிலாந்தோடு நின்றுவிடவில்லை. பீரைப் பற்றிப் பல்லாண்டு எழுதிய ஆங்கிலேயர் மைக்கேல் ஜாக்சன், பாடகர் அல்ல, இலங்கையின் மலையகத்தில் லயன் ஸ்டவுட் பீப்பாயிலிருந்து கைப்பம்பில் எடுத்து ஊற்றப்பட்டதைப் பதிவு செய்திருக்கிறார். ஆலை இருந்த நுவரெலியாவிலும், கண்டியிலும். எனக்கு இதில் வியப்பில்லை. நுவரெலியாவில், கடல்மட்டத்திலிருந்து 1,800 மீட்டருக்கு மேலே, தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே, நிலவறையின் குளிரை ஊரே கொடுத்தது. செறிவான கறுப்பு பீர் காற்றையும் கூடுதலாகத் தாங்கும். கருவி ஒன்று வாழ எது தேவை என்பதை அந்த மலையூர் காட்டுகிறது: குளிர்ந்த இடம், தீர்ந்துபோகும் வேகம், தினமும் குழாயைக் கவனிக்கும் ஓர் ஆள். இவற்றில் ஒன்று குறைந்தாலும் பம்பால் ஈடுகட்ட முடியாது.

ஆகவே கைப்பம்பைக் குறை சொல்பவர்களோடு நான் சேர மாட்டேன். குழாயில் நின்ற பீரை ஊற்றச் சொன்னது பம்பு அல்ல. அதைக் கொட்ட மனம் வராததற்குக் காரணம், எங்கள் பப்பின் ஆறு கைப்பிடியில் ஆறு முறை கொட்ட வேண்டியிருந்ததுதான். இரண்டு இருந்திருந்தால் கொட்டியிருப்போம்.

இங்கிலாந்துப் பக்கம் போகும் நண்பர்கள், கைப்பிடிகளை எண்ணிவிட்டுக் கூட்டத்தையும் எண்ணுங்கள். எந்தப் பீப்பாய் இன்று திறந்தது என்று கேளுங்கள்; நல்ல கடையில் மகிழ்ச்சியோடு சொல்வார்கள், சுவை பார்க்கச் சிறிது ஊற்றியும் கொடுப்பார்கள். புளித்திருந்தால் அந்தப் பெரியவரைப் போல் மௌனமாகப் போகாதீர்கள், திருப்பிக் கொடுங்கள். கடை நடத்துபவர்களிடம் நான் கேட்பது இது ஒன்றுதான்: நாளுக்கு ஐம்பது பைண்ட் விற்கும் கடைக்கு இரண்டு கைப்பிடி போதும். மூன்றாவதைக் கழற்றிவிடுங்கள்.