வெட்சியும் ஓம்புதலும்: போரில் கவரப்பட்ட நிலக்காட்சி ஓவியங்கள்

திருவனந்தபுரம் அருங்காட்சியக வளாகத்திலுள்ள ஸ்ரீசித்ரா கலைக்கூடம் 1935இல் நிறுவப்பெற்றது. இரவிவர்மாவின் ஓவியங்களால் பெயர்பெற்ற அக்கூடத்தின் தொகுப்பில் உருசிய ஓவியர் நிக்கோலாய் ரோரிக் தீட்டிய இமயக் காட்சிகளும் அடங்கும். அதே 1935ஆம் ஆண்டு ஏப்ரல் 15ஆம் நாள் வாஷிங்டனில் அமெரிக்கக் கண்டத்து நாடுகள் 21 கையொப்பமிட்ட உடன்படிக்கை ரோரிக்கின் பெயராலேயே வழங்கப்படுகிறது. போரிலும் அருங்காட்சியகங்கள் நடுநிலை இடங்களாக மதிக்கப்பெற வேண்டும் என்பது அதன் சாரம். அந்த ரோரிக்கின் ஆசிரியரான ஆர்கிப் குயின்ஜியின் ஓவியங்களே, அவர் பிறந்த மரியுபோல் நகரில், 2022இல் போரில் கவரப்பட்டன.

குயின்ஜி பீட்டர்ஸ்பர்க் கலைக்கழகத்தில் நிலக்காட்சி ஓவியம் பயிற்றியவர். மாணவர் கிளர்ச்சிக்கு ஆதரவளித்தமையால் 1897இல் பதவியிழந்தார். ஒளியை வரைவதில் நிகரற்றவர். மரியுபோலில் அவர் பெயரால் 2010இல் திறக்கப்பெற்ற அருங்காட்சியகத்திற்குரிய அவருடைய மூலப்படைப்புகளாக 'சிவந்த அந்தி', 'எல்புருஸ்', 'கிரிமியாவில் இலையுதிர்காலம்' ஆகியன சுட்டப்பெறுகின்றன. 2022 மார்ச்சு 21இல் குண்டுவீச்சில் கட்டடம் சிதைந்தது. மறைவிடத்தில் வைக்கப்பெற்றிருந்தமையால் இவை தப்பின. ஏப்ரல் இறுதியில், நகரின் அருங்காட்சியகங்களிலிருந்து 2,000க்கும் மேற்பட்ட பொருள்கள் தோனெத்ஸ்கிற்குக் கொண்டுசெல்லப்பட்டதாக மரியுபோல் நகராட்சி அறிவித்தது. அவ்வாண்டு நவம்பரில் கெர்சோன் கலை அருங்காட்சியகத்தின் 10,000க்கும் மேற்பட்ட படைப்புகள் கிரிமியாவின் சிம்ஃபெரோபோல் நகருக்குச் சென்றன. எடுத்துச் சென்றோர் இதனைக் கொள்ளை எனக் கூறவில்லை. பாதுகாப்பிற்காக அப்புறப்படுத்தியதாகவே கூறினர்.

இக்கூற்று தமிழ்ப் புறத்திணை மரபைக் கற்றோர்க்குப் புதியதன்று. தொல்காப்பியர் வெட்சிக்கு வகுத்த இலக்கணத்திலேயே களவும் ஓம்புதலும் ஒருங்கு நிற்கின்றன. வேந்தன் ஏவிய மறவர் பிறர் நிலத்து ஆநிரையைக் கவர்வதோடு அமையாது, காக்கவும் வேண்டும். துறைகளுள் ஒன்று 'நோயின்று உய்த்தல்'. கவர்ந்த ஆக்களுக்கு இன்னல் நேராது செலுத்துதல் என்பது இதன் பொருள். போரில் ஆக்களுக்குத் தீங்கு நேராமற் காக்கும் அறமாகவே ஆகோளை விளக்குவாரும் உளர்.

இவ்விளக்கத்தை அப்படியே ஏற்றல் இயலாது. பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதியை நெட்டிமையார் பாடிய புறநானூற்றுப் பாடலும் ஆக்களின் காப்பையே பேசுகிறது; ஆயின் அங்கு வேந்தன் முன்னறிவிப்புச் செய்கிறான்; உரியோர் தாமே தம் அரணை நாடுகின்றனர். நிரை எவர் கையில் தங்கும் என்பதே இரண்டிற்கும் உள்ள வேறுபாடு. மேலும் வெட்சித் துறைகள் நோயின்று உய்த்தலோடு முடிவதில்லை. அதன் பின்னர்ப் பாதீடு வருகிறது, உண்டாட்டு வருகிறது. பங்கிட்டுக்கொள்வதற்காக ஓம்பப்பட்ட நிரை என்பதைத் துறைவரிசையே காட்டிக்கொடுத்துவிடுகிறது. குயின்ஜியின் படங்கள் சிதையாமல் தோனெத்ஸ்கை அடைந்திருப்பினும், அச்சிதையாமை கவர்தலுக்கு விடையாகாது.

ஒரு மறுப்பு இங்கு எழலாம். நிலக்காட்சி ஓவியம் தன் நிலத்திலேயே இருத்தல் வேண்டுமெனின், கடலோரத் திருவனந்தபுரத்தில் இமயத்திற்கு என்ன வேலை? குயின்ஜியின் 'நீப்பர் ஆற்றின் மீது சிவந்த அந்தி' நியூயார்க்கின் மெட்ரோபொலிட்டன் அருங்காட்சியகத்தில்தானே உள்ளது? மறுப்பு வலியதே. திணை மயங்கலாம் என இலக்கணமே இசைகின்றது. படம் இடம்பெயர்வது குற்றமன்று. எவ்வாறு பெயர்ந்தது என்பதே வினா. மெட்ரோபொலிட்டன் 2023இல் குயின்ஜியின் பெயர்க்குறிப்பில் உருசியர் என்றிருந்ததை உக்ரைனியர் என மாற்றியது. படத்தை அசைக்காமலேயே அதன் திணையை மாற்றிய செயல் அது. கிரேக்க மரபினரான அவருக்கு எந்த அடைமொழியும் முழுமையாகப் பொருந்தாது என்பது வேறு.

ரோரிக் உடன்படிக்கையில் சோவியத்து ஒன்றியம் சேரவில்லை. 1954ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கையில் சேர்ந்தது. அதன் முதல் நெறிமுறை, கைப்பற்றிய நிலத்திலிருந்து கொண்டுசெல்லப்பட்ட பண்பாட்டுப் பொருள்களைப் போர் முடிவில் திருப்பித்தர வேண்டும் என்கிறது. இது மீட்சியை நோக்கிய விதி. தமிழ் மரபில் இதற்கு நேரானது கரந்தை. தொல்காப்பியத்தில் வெட்சியுள் அடங்கிக் கிடந்த கரந்தையைப் புறப்பொருள் வெண்பாமாலை தனித் திணையாக்கியது. நிரை மீட்கும் மறவர்க்கு முதலில் வேண்டுவது சுவடு. கெர்சோன் அருங்காட்சியகத்தார் சிம்ஃபெரோபோலில் எடுக்கப்பெற்ற காணொளிகளில் தென்படும் சட்டங்களையும் வண்ணங்களையும் தம் பட்டியலோடு ஒப்பிட்டு, தம்முடைய படங்களை ஒவ்வொன்றாக அடையாளம் கண்டு வெளியிட்டு வருகின்றனர்.