ஓடுபாதையைக் காணோம்

சுதா கொங்கரா இயக்கிய 'சூரரைப் போற்று' 2020 நவம்பரில் வந்தது. ஐந்து தேசிய விருதுகள் வாங்கியது. அதன் நாயகத்தன்மை பற்றி, சாதி பற்றி, ஒரு ரூபாய் டிக்கெட் பற்றி, பொம்மி என்ற பாத்திரத்தின் தன்மானம் பற்றி நிறையவே எழுதப்பட்டுவிட்டது. பலவற்றோடு எனக்கும் உடன்பாடுதான். ஆனால் ஓசூரில் குடியிருப்பவனாக, இன்னும் கேட்கப்படாத ஒரு கேள்வி எனக்கு இருக்கிறது. படம் முழுக்க விமானம் பறக்கிறது, சரி. அது ஓட ஒரு பாதை வேண்டுமே, அது எங்கே?

கேள்வி கொஞ்சம் அற்பமாகத் தெரியலாம். ஆனால் பறத்தலைப் பற்றிய எந்தக் கதையும், நன்றாகச் சொல்லப்பட்டால், கடைசியில் மண்ணைப் பற்றிய கதையாகத்தான் முடியும் என்று எனக்குத் தோன்றுகிறது. இதை எனக்குப் புத்தகங்கள் பாதி சொல்லிக்கொடுத்தன. மீதியைத் தளி சாலை சொல்லிக்கொடுத்தது.

ஓசூரிலிருந்து தளி போகிற வழியில் பேளகொண்டப்பள்ளி என்ற ஊர் இருக்கிறது. அங்கே தனேஜா ஏரோஸ்பேஸ் நிறுவனத்துக்குச் சொந்தமான விமான ஓடுதளம். நீளம் ஏறக்குறைய 7,000 அடி. 1990களில் அந்த நிறுவனம் பார்ட்டனேவியா என்ற இத்தாலிய ஆறு இருக்கை விமானத்தை இங்கே தயாரிக்கத் தொடங்கியது. தேசிய விண்வெளி ஆய்வகம் வடிவமைத்த ஹன்சா என்ற இரண்டு இருக்கை பயிற்சி விமானமும் இங்கே உருவானது. இன்றைக்கு முக்கியமாகப் பழுதுபார்ப்பும் பராமரிப்பும் நடக்கின்றன. கம்பெனி விமானங்களும் தனியார் சிறு விமானங்களும் வந்துபோகும். டிக்கெட் வாங்கிய சாதாரணப் பயணிக்கு அங்கே வேலையில்லை. வழக்கமான விமான சேவை எதுவும் அங்கிருந்து கிடையாது. கேரட்டும் முட்டைக்கோஸும் ரோஜாவும் விளைகிற நிலத்துக்கு நடுவில், முப்பது வருஷமாக ஒரு ஓடுபாதை. ஊருக்குள் இருக்கிறது, ஊருக்கு இல்லை.

இப்படிப்பட்ட இடங்களில் இறங்கிய அனுபவத்தைத் தனியார் விமானி உரிமம் வைத்திருக்கும் நண்பர் ஒருவரிடம் கேட்டேன். மேகம், சூரியோதயம் என்று ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். அவர் அனுமதிகளைப் பற்றிப் பேசினார். பறக்கும் திட்டம் கொடுக்க வேண்டும், அதற்கு ஓர் எண் வரும். வான் பாதுகாப்பு அனுமதிக்கு இன்னோர் எண். இறங்குகிற தளம் தனியாருடையது என்றால் உரிமையாளரின் முன் அனுமதி தனி. பிறகு பெட்ரோல். சிறு விமானங்களின் பிஸ்டன் இன்ஜினுக்கு வேண்டிய ஏவிகேஸ் என்ற எரிபொருள் பெரிய விமான நிலையங்களிலேயே எளிதில் கிடைக்காது. 2022 வரை நம் நாடு அதை இறக்குமதிதான் செய்தது, அந்த வருஷம்தான் இந்தியன் ஆயில் நிறுவனம் உள்நாட்டில் தயாரித்து விற்பனைக்குக் கொண்டுவந்தது. இதையெல்லாம் சொல்லிவிட்டு நண்பர் சிரித்தார்: "இறங்குறது சுலபம்ங்க. இறங்கலாமான்னு கேக்குறதுதான் பயணம்."

இந்த ஒரு வாக்கியம் அந்தப் படத்தை நான் பார்த்த விதத்தையே மாற்றிவிட்டது.

பறத்தல் பற்றி எழுதியவர்களில் முதலில் சொல்ல வேண்டியவர் அந்த்வான் து செந்த்-எக்சுபெரி. வெ. ஸ்ரீராமும் ச. மதனகல்யாணியும் மொழிபெயர்த்த 'குட்டி இளவரசன்' வழியாக நமக்குப் பழக்கமானவர். தபால் விமானங்கள் ஓட்டியவர். 1939இல் வந்த அவருடைய புத்தகம் ஆங்கிலத்தில் காற்று, மணல், நட்சத்திரங்கள் என்று பொருள்படும் தலைப்போடு போனது. பிரெஞ்சு மூலத்தின் தலைப்புக்கு 'மனிதர்களின் நிலம்' என்று பொருள். ஆங்கிலத் தலைப்பில் காற்று இருக்கிறது, மணல் இருக்கிறது, விண்மீன்கூட இருக்கிறது. மனிதர்களைக் காணோம். ஒரு விமானி தன் புத்தகத்துக்கு 'நிலம்' என்று பெயர் வைத்தால் வெளியே விற்காது என்று யாருக்கோ தோன்றியிருக்க வேண்டும்.

ஆனால் புத்தகத்தின் உயிர் அந்த மூலத் தலைப்பில்தான். ஸ்பெயினின் மேல் முதன்முதலாகத் தபால் விமானம் ஓட்டப் போகும் முந்தின இரவு, இளம் விமானி தன் மூத்த தோழர் கியோமேயிடம் போய் வழி கேட்கிறார். கியோமே வரைபடத்தை விரித்து நகரங்களைப் பற்றியோ ஆறுகளைப் பற்றியோ பேசுவதில்லை. ஓர் ஊரின் பக்கத்தில் வயலோரமாக நிற்கும் மூன்று ஆரஞ்சு மரங்களைக் காட்டி எச்சரிக்கிறார். அவசரத்துக்கு இறங்கலாம் என்று நினைக்கிற ஒரு புல்வெளியில் புல்லுக்கு அடியில் ஒளிந்து ஓடும் வாய்க்காலைக் காட்டுகிறார். சரிவிலிருந்து எந்த நேரமும் ஓடிவந்து சக்கரத்துக்குக் கீழே விழக்கூடிய முப்பது ஆடுகளைச் சொல்கிறார். எந்தப் புவியியல் புத்தகத்திலும் இல்லாத ஒரு விவசாயியும் அவர் மனைவியும் அந்த வரைபடத்தில் குடியேறுகிறார்கள். மேலே போகிறவனுக்குக் கீழே இருக்கிற ஒவ்வொரு முழமும் முக்கியம். எங்கே இறங்க நேரும் என்று அவனுக்குத் தெரியாது.

சிறு விமானி எழுத்தின் இலக்கணம் இதுதான் என்பேன். ரிச்சர்ட் பாக் 1969இல் வெளியிட்ட 'நத்திங் பை சான்ஸ்' என்ற நூலும் இந்த வகைதான். பழைய இரட்டை இறக்கை விமானத்தில் அமெரிக்கச் சிற்றூர்களின் வைக்கோல் வயல்களில் இறங்கி, ஆளுக்கு மூன்று டாலர் வாங்கிக்கொண்டு ஊர்க்காரர்களைப் பத்து நிமிஷம் மேலே சுற்றிக் காட்டிய ஒரு கோடைக்காலத்தின் கதை. ஒவ்வோர் ஊரிலும் கேள்வி ஒன்றுதான்: இங்கே இறங்க விடுவார்களா, இங்குள்ளவர்கள் நம்மை நம்புவார்களா?

இந்தியாவிலும் தொடக்கம் அப்படித்தான் இருந்தது. 1932 அக்டோபர் 15 அன்று ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து அகமதாபாத் வழியாக பம்பாய்க்குத் தபால் கொண்டுவந்தார். வழியில் அகமதாபாத்தில் அவருடைய விமானத்துக்கு மாட்டு வண்டியில் வந்த பெட்ரோல் டின்கள்தான் காத்திருந்தன. பம்பாயிலிருந்து நெவில் வின்சென்ட் அந்தத் தபாலை பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டுவந்தார். நம் வானத்தின் முதல் வழி மாட்டு வண்டியும் சிற்றூரும் சேர்ந்து போட்டது.

இனி படத்துக்கு வருகிறேன்.

படத்தின் மூலம் கேப்டன் ஜி.ஆர். கோபிநாத் எழுதிய 'சிம்ப்ளி ஃப்ளை' என்ற தன்வரலாறு. கர்நாடகத்தின் ஹாசன் மாவட்டத்துக் கோரூர்க்காரரைப் படம் சோழவந்தான் நெடுமாறனாக ஆக்கியது. ராணுவக் கேப்டன் விமானப் படைக்காரர் ஆனார். தழுவல் என்றால் மாற்றத்தான் செய்வார்கள், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. எதை மாற்றினார்கள் என்பதைவிட எதைக் கீழே போட்டுவிட்டு வந்தார்கள் என்பதே எனக்கு முக்கியம்.

கோபிநாத் விமானத்துக்கு வருவதற்கு முன் பல வருஷம் விவசாயி. ஹேமாவதி அணை கட்டியபோது அவருடைய குடும்ப நிலம் தண்ணீருக்குள் போனது. பதிலாக அரசாங்கம் கொடுத்தது எங்கோ ஒரு கரட்டு நிலம். ராணுவத்திலிருந்து திரும்பிய அந்த மனிதர் அங்கே கூடாரம் போட்டுத் தங்கி விவசாயம் பார்த்தார், மல்பெரி போட்டுப் பட்டுப்புழு வளர்த்தார். அந்த வேலைக்காக 1996இல் ரோலக்ஸ் விருதும் வாங்கினார். ஹெலிகாப்டர் கம்பெனி அதற்குப் பிறகு. ஏர் டெக்கான் 2003இல். பட்டுக்கூடும் மல்பெரித் தோட்டமும் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் எங்களுக்கு அன்றாடக் காட்சி, அதனாலேயே அந்தப் பகுதி எனக்குக் கூடுதலாக ஒட்டிக்கொண்டது.

யோசித்துப் பாருங்கள். ஏழைகளையும் விமானத்தில் ஏற்றிய அந்த மனிதரின் கதையில் முதல் காட்சி, வளர்ச்சித் திட்டம் ஒன்றுக்காக நிலம் இழந்த குடும்பம். படத்தில் இது இல்லை. மண் போய்விட்டது, கோபம் மட்டும் மிஞ்சியது.

இத்தனைக்கும் மண்ணின் கேள்வி படத்துக்குத் தெரியாமல் இல்லை. சோழவந்தானில் ரயில் நிற்காது. அப்பா மனு மேல் மனு எழுதுகிறார். மகன் ஊர்க்காரர்களைத் திரட்டிக்கொண்டு போய் ரயிலை மறிக்கிறான். படத்தின் ஆக உண்மையான இடம் அதுதான் என்று எனக்குப் படுகிறது. ரயில் வேகமாகப் போவதோ மெதுவாகப் போவதோ, டிக்கெட் விலை கூடுதலோ குறைவோ அங்கே பிரச்சினை இல்லை. அது எங்கள் ஊரில் நிற்குமா என்பதுதான் கேள்வி. நின்றால்தான் அந்த ஊர் கணக்கில் இருக்கிறது.

விமானம் வந்ததும் இந்தக் கேள்வி சத்தமில்லாமல் கைமாறிவிடுகிறது. 'இங்கே நிற்குமா?' என்பது போய் 'என்னால் வாங்க முடியுமா?' என்பது வந்து உட்கார்கிறது. இந்த மாற்றம் நிகழும் இடமும் தெளிவாகவே தெரிகிறது. அப்பா சாகக் கிடக்கிறார். மாறா விமான நிலையத்தில் கையில் காசு போதாமல் ஒவ்வொரு பயணியிடமும் கெஞ்சுகிறான். சூர்யா நடித்ததிலேயே சிறந்த காட்சிகளில் ஒன்று. யாருக்கும் கண் கலங்கும், எனக்கும் கலங்கியது. ஆனால் அந்தக் கண்ணீரோடு சேர்ந்து ரயில் நிற்காத ஊரும் கரைந்துபோகிறது. அதற்குப் பிறகு படம் விலையைப் பற்றிய படம்.

கேள்வி விலையாகச் சுருங்கினால் தடையும் ஓர் ஆளாகச் சுருங்கும். பரேஷ் ராவல் நடித்த பணக்கார முதலாளி வருகிறார். சாதாரண ஜனங்களோடு ஒரே விமானத்தில் உட்கார விரும்பாத மேல்தட்டின் அகங்காரத்துக்கு அவர் முகம் கொடுக்கிறார். சாதியின் வாடையைப் படம் அவர் மூலம் துணிந்து காட்டுகிறது, அது சாதாரணக் காரியமில்லை. ஆனால் அவரைத் தோற்கடித்தால் வானம் திறந்துவிடும் என்று நம்மை நம்ப வைப்பதுதான் பிரச்சினை.

ஓசூருக்கு வந்து பார்த்தால் அப்படியொரு வில்லன் கிடைக்க மாட்டார். இங்கே தடையாக இருப்பது ஓர் ஒப்பந்தத்தின் ஒரு பிரிவு. பெங்களூரு விமான நிலைய நிறுவனத்துடன் ஒன்றிய அரசு 2004இல் போட்ட ஒப்பந்தம் அது. தேவனஹள்ளி நிலையம் திறந்ததிலிருந்து 25 வருஷத்துக்கு, நேர்க்கோட்டில் 150 கிலோமீட்டருக்குள் வேறு விமான நிலையத்தை வளர்த்தெடுக்கக் கூடாது. நிலையம் திறந்தது 2008 மே மாதம், ஆக 2033 வரை. விதிவிலக்கு இரண்டே ஊருக்கு: மைசூர், ஹாசன். பேளகொண்டப்பள்ளி அங்கிருந்து நேர்க்கோட்டில் சுமார் 60 கிலோமீட்டர். சேலம் விமான நிலையம் அந்த வட்டத்துக்குச் சற்று வெளியே தப்பித்துக்கொண்டது. சிறு ஊர்களுக்கான உடான் திட்டத்தின் பேச்சில் ஓசூரின் பெயரும் அடிபட்டது, ஆனால் விமானம் வரவில்லை. நிஜக் கேப்டனின் மாவட்டமான ஹாசன் விதிவிலக்கில் இருப்பதும், சினிமாக் கேப்டனின் மாநிலத்தில் இருக்கிற எங்கள் ஊர் வட்டத்துக்குள் மாட்டிக்கொண்டிருப்பதும் யாரும் எழுதாத திரைக்கதை.

அந்த ஒப்பந்தத்துக்குப் பின்னாலும் ஒரு நியாயம் உண்டு. பெரிய முதலீடு செய்கிறவர்கள் போட்டி இல்லாத சில வருஷங்களைக் கேட்பார்கள், அரசும் கொடுக்கும். அதனால்தான் இது சினிமாவுக்கு ஒத்துவராத விஷயம். 150 கிலோமீட்டர் வட்டத்தை சட்டையைப் பிடித்து உலுக்க முடியாது.

இதெல்லாம் ஒரு ஜனரஞ்சகப் படத்தின் மேல் ஏற்றத் தகாத சுமை என்று சொல்லலாம். ஒப்பந்தப் பிரிவை யார் தியேட்டரில் பார்ப்பார்கள்? நியாயமான மறுப்புதான். ஆனால் ரயிலை மறித்த காட்சியை அதே படம்தான் எடுத்தது. அங்கே வில்லன் யாரும் இல்லை, ஒரு கால அட்டவணைதான் எதிரி. அதைப் பார்த்து நாம் கை தட்டினோம். முடியாத காரியமில்லை அது.

இப்போது இது வெறும் ரசனைப் பிரச்சினையும் இல்லை. 2024 ஜூனில் முதல்வர் மு.க. ஸ்டாலின் ஓசூரில் 2,000 ஏக்கரில், வருஷத்துக்கு 3 கோடிப் பயணிகளைக் கையாளும் பன்னாட்டு விமான நிலையம் அமையும் என்று சட்டமன்றத்தில் அறிவித்தார். அன்றைக்கு ஊரில் நான் கேட்ட சந்தோஷப் பேச்சுகளில் பாதி சினிமா மொழியில் இருந்தது. 'நம்ம ஊருக்கும் பிளைட்டு', 'நாமும் பறக்கலாம்'. டீக்கடையில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ரோஜாத் தோட்டக்காரர் மட்டும் கேட்டார்: "பறக்குறது சரி சார். எங்க எறக்குவாங்க?"

கியோமே கேட்டிருக்கக்கூடிய கேள்வி அது. ஆரஞ்சு மரமும் வாய்க்காலும் ஆடுகளும் அந்த 2,000 ஏக்கருக்குள் வரும். ஏகனாபுரத்துக்காரர்கள் பரந்தூர் அறிவிப்பு வந்த 2022 முதல் கேட்டுக்கொண்டிருப்பதும் இதைத்தான். விமான நிலையமே வேண்டாம் என்பது என் கட்சி இல்லை. இத்தனை தொழிற்சாலை உள்ள ஊருக்கு அது தேவைப்படலாம். ஆனால் 'வேண்டும்', 'வேண்டாம்' என்ற இரண்டு சொல்லுக்கு நடுவில் எத்தனையோ கேள்விகள் இருக்கின்றன. முப்பது வருஷமாக இருக்கிற 7,000 அடியை என்ன செய்யப் போகிறோம்? செட்டிநாடு, கயத்தாறு, உளுந்தூர்பேட்டை என்று இரண்டாம் உலகப் போர் விட்டுச்சென்ற ஓடுபாதைகள் தமிழ்நாட்டில் கிடக்கின்றனவே, அவற்றில் இருபது பேர் ஏறும் விமானம் ஒன்று நின்று போகக் கூடாதா? சின்னதாகத் தொடங்குவதை ஏன் நாம் தோல்வி என்று நினைக்கிறோம்?

இந்தக் கேள்விகளைக் கேட்கிற மொழி நம்மிடம் இல்லை என்பதே என் குறை. நம்மிடம் இருப்பது உயரே போகிறவனின் மொழி. பறப்பவனைப் போற்றத் தெரியும், இறங்குகிற இடத்தைப் பார்க்கத் தெரியாது. தமிழில் ஒரு சிறு விமானி தன் அனுபவத்தை எழுதினால், பேளகொண்டப்பள்ளி மேலிருந்து எப்படித் தெரிகிறது, எந்த ஏரி அடையாளம், எந்த மாதத்தில் காற்று எந்தப் பக்கம் தள்ளும், இறங்கியதும் வேலிக்கு வெளியே நிற்கிற பையன் என்ன கேட்பான் என்று எழுதினால், அந்தப் பக்கங்களிலிருந்து ஒரு நல்ல படம் வரும். அதில் பாட்டு இருக்கலாம், சண்டைகூட இருக்கலாம். நிலம் போன குடும்பம் ஒன்று முதல் காட்சியிலேயே இருக்க வேண்டும்.