கத்தி தொட்ட கழுத்துகளின் கணக்கு

1912-இல் ஹகாரு ஹஷிமோட்டோ என்ற ஜப்பானிய அறுவை மருத்துவர், நான்கு பேரிடமிருந்து அறுத்தெடுத்த தைராய்டுகளைப் பற்றி ஜெர்மன் இதழொன்றில் எழுதினார். நால்வரும் பெண்கள். நோய்க்கு அவர் பெயர் நிலைத்தது. பெண்ணுடலுக்கு ஆணின் பெயர் என்று குறை சொல்லிவிட்டு நகரலாம். என் கேள்வி வேறு: அறுத்ததை மட்டும் வைத்து அறியும் அறிவு எதைச் சொல்லாமல் விடுகிறது?

உடலின் எதிர்ப்பாற்றலே தைராய்டைத் தாக்கும் இந்நோயும் பாப்பிலரி புற்றுநோயும் ஒரே சுரப்பியில் சேர்ந்திருப்பது பற்றி 1955 முதல் எழுதுகிறார்கள். அந்த ஆய்வுகளை அடுத்தடுத்து வாசித்தால் ஒரு முரண் தெரிகிறது. அறுவைக்குள்ளானவர்களிடம் தொடர்பு வலுவாகத் தெரிகிறது. ஊசியால் செல் எடுத்துப் பார்த்தவர்களிடம் அது மங்குகிறது. சந்தேகக் கட்டி இருந்ததால்தான் முதல் வகையினர் அறுவை மேசைக்கே வந்தார்கள். மாத்திரை விழுங்கியபடி சமையலுக்கும் வேலைக்கும் ஓடும் பெரும்பாலான பெண்கள் அந்தக் கணக்கில் இல்லை. ஆனால் அச்சம் மட்டும் அவர்களுக்கும் சேர்த்தே பரிமாறப்படுகிறது.

கத்தியில்லாமலும் அறிய முடியும். 1956-இல் லண்டனில் டெபோரா டோனியாக்கும் உடன் ஆய்வாளர்களும் ஹஷிமோட்டோ நோயாளிகளின் ரத்தத்திலேயே எதிர்ப்பொருளைக் கண்டார்கள்.

அச்சத்தின் விலையைத் தென்கொரியா காட்டியது. அல்ட்ராசவுண்ட் பரிசோதனை பரவியதும், 2011-இல் தைராய்டு புற்றுநோய்க் கண்டறிதல் 1993-ஐப் போல 15 மடங்கானது. இறப்பு விகிதமோ மாறவில்லை. அறுவைக்குப் போனவர்களில் பெரும்பாலோர் பெண்கள். சிலர் குரல் நரம்பில் பாதிப்புடன் திரும்பினார்கள். பலர் வாழ்நாள் மாத்திரையுடன்.

பெண் சோர்வென்று சொன்னால் "மனசுதான் காரணம்" என்று அனுப்பிவிடும் மருத்துவம், அவள் சொல்லாத சிறு புள்ளியைத் தேடிப்பிடித்து அறுக்கிறது. இரண்டிலும் அவள் சொல்லுக்கு இடமில்லை.

இதனால் மருத்துவரைத் தவிர்க்கச் சொல்லவில்லை. ஹஷிமோட்டோ உள்ளவருக்குக் கழுத்து திடீரென வீங்கி வேகமாக வளர்ந்தால், குரல் மாறினால், உடனே போக வேண்டும். அரிதாக வரும் லிம்போமாவாகவும் அது இருக்கலாம். ஆனால் ஒரு சென்டிமீட்டருக்கும் குறைந்த, பரவாத பாப்பிலரி கட்டியை அறுக்காமல் கண்காணிக்கும் வழியை ஜப்பானின் கோபே நகரில் 1993-லேயே தொடங்கிவிட்டார்கள்.

ஆகவே கையெழுத்திடும் முன் கேளுங்கள்: கட்டி எவ்வளவு பெரியது? ஊசிப் பரிசோதனை என்ன சொன்னது? காத்திருந்து பார்க்கலாமா? முழுச் சுரப்பியையும் எடுக்கத்தான் வேண்டுமா? கேட்பது நம் உரிமை. பதில் சொல்ல நேரம் ஒதுக்குவது மருத்துவரின் கடமை.