தேடுபொறியும் தமிழ் எழுத்துநெறியும்: ஒரு மதிப்பீடு

1. முன்னுரை

தம் எழுத்து தேடுபொறியின் முடிவுப் பட்டியலில் முன்னிடம் பெறுமாறு தலைப்பையும் சொற்களையும் அமைத்துக்கொள்ளும் முறை 'தேடுபொறி உகப்பாக்கம்' எனப்படும். வலைப்பதிவர்க்கும் இணைய ஊடகங்களுக்கும் இம்முறை இன்றும் தேவைதானா என்னும் வினா பெரும்பாலும் வணிக நோக்கிலேயே எழுப்பப்படுகிறது. தமிழைப் பொறுத்தவரை இஃது எழுத்து, சொல், தொடர் ஆகியவை பற்றிய வினா என்பதே இக்கட்டுரையின் கருத்தாகும்.

இதற்குப் பெங்களூரு பொருத்தமான களமாகும். பல மொழிகளில் செய்தித்தளம் நடத்தும் ஒன்இந்தியா, பலமொழிச் செய்திகளைத் திரட்டித் தரும் டெய்லிஹண்ட் ஆகிய இரண்டும் இந்நகரைத் தலைமையிடமாகக் கொண்டவை. ஒன்இந்தியாவின் தமிழ்ப் பகுதி முன்னர்த் தட்ஸ்தமிழ் என அறியப்பட்டது. தமிழர் இணையத்தில் படிப்பவற்றுள் ஒரு பகுதி, தமிழகத்திற்கு வெளியேயுள்ள இந்நகரின் வழியாகவே அவர்களைச் சென்றடைகிறது. இவற்றினும் மேலாக, இந்நகரின் பெயரே சிக்கலுக்குத் தக்க சான்றாக அமைகிறது.

2. ஒரு பெயரும் பல வடிவங்களும்

2014 நவம்பர் 1 முதல் இந்நகரின் ஆங்கிலப் பெயர் கன்னட ஒலிப்பிற்கேற்ப மாற்றப்பட்டது. அதன்பின் தமிழில் நெடுங்காலம் வழங்கிய 'பெங்களூர்' என்பதோடு 'பெங்களூரு' என்பதும் பெருக வழங்கலாயிற்று. ஏழாம் வேற்றுமை ஏற்கும்போது 'பெங்களூரில்', 'பெங்களூருவில்' என இரு வடிவங்கள் தோன்றுகின்றன. ஈற்றிலுள்ள உகரம் வல்லின மெய்யை ஊர்ந்து வாராமையின் அது குற்றியலுகரம் அன்று. ஆகவே வகர உடம்படுமெய் பெறுதல் நெறியே. முற்றியலுகரமும் சிலவிடங்களில் கெடும் என்பதற்கு நன்னூல் இடந்தருவதால், 'பெங்களூரில்' என்பதையும் வழுவென ஒதுக்க இயலாது.

படிப்பவர்க்கு இவையெல்லாம் ஓர் ஊரையே குறிக்கும். குறியீட்டு வரிசையை மட்டும் ஒப்பிடும் பொறிக்கோ, இறுதி ரகரத்தின்பின் புள்ளியும் உகரக்குறியும் இகரக்குறியும் வருவன வெவ்வேறு சொற்களாம். 'ஔவை' என்பதன் முதலெழுத்தை ஒகரம், ளகரம் என இரண்டாக உள்ளிடுவோரும் உளர். கண்ணுக்குப் புலப்படாத இவ்வேறுபாடு பொறிக்குத் தடையாகிறது.

இத்தடையால் நேரும் இழப்பு சிறிதன்று. 1990களின் இறுதியில் தமிழ்த் தளங்கள் பலவும் தத்தம் எழுத்துருவிற்கேற்ற தனித்தனிக் குறியேற்றங்களைக் கையாண்டன. 1999இல் சென்னையில் நடைபெற்ற 'தமிழ் இணையம் 99' மாநாடு தரப்பாட்டிற்கு வழிகோலிற்று. 2010இல் தமிழக அரசு ஒருங்குறியை ஏற்றது. இடைக்காலத்தில் எழுதப்பெற்று மாற்றப்படாது நின்ற பக்கங்கள், ஒருங்குறியில் தேடுவோர்க்கு இருந்தும் இல்லாதவை ஆயின.

3. எண்ணிக்கை உத்தியின் தளர்ச்சி

ஆங்கில வழிகாட்டிகளைத் தழுவி எழுதப்படும் தமிழ்க் குறிப்புகளுள் சில, திறவுச்சொல் குறித்த விழுக்காட்டில் திரும்பத் திரும்ப வரவேண்டும் என அறிவுறுத்துகின்றன. ஆங்கிலப் பெயர்ச்சொல் பெரும்பாலும் ஒருமை, பன்மை என்னும் இரு வடிவங்களுள் அடங்கும். தமிழ்ப் பெயரோ உருபேற்றும் புணர்ந்தும் பல வடிவங்களைப் பெறும். 'மருத்துவமனை' என்பதை மாறாமல் எண்ணிக்கைக்காக நிறுத்த முயல்பவர், 'மருத்துவமனைக்குச்', 'மருத்துவமனையின்' என இயல்பாக வரவேண்டியவற்றைத் தவிர்க்க நேர்ந்து, தொடரை முடமாக்குகிறார். மொழிபெயர்ப்பில் விதியைப் பெயர்த்து, அவ்விதி பிறந்த மொழியின் அமைப்பை மறந்ததன் விளைவு இது.

இவ்வுத்தியைத் தேடுபொறிகளே கைவிட்டன. பக்கத்தில் மறைவாக இடப்படும் திறவுச்சொற் பட்டியலைத் தரவரிசைக்குக் கொள்வதில்லை எனக் கூகுள் 2009இல் வெளிப்படையாக அறிவித்தது. 2019இல் அந்நிறுவனம் புகுத்திய 'பெர்ட்' என்னும் முறை, சொல்லைச் சூழலோடு பொருத்தி நோக்கியது. ஆங்கில முன்னிடைச்சொற்கள் பொருளை மாற்றுமாற்றையும் கணக்கில் கொண்டது. தமிழில் அப்பணியைப் பெரிதும் ஆற்றுவன வேற்றுமை உருபுகளே. 'சென்னையிலிருந்து பெங்களூருக்கு' என்பதும் 'பெங்களூரிலிருந்து சென்னைக்கு' என்பதும் வேறு பயணங்கள். உருபை நீக்கி எழுதும் உத்தி, பொறியும் உணரத் தொடங்கிவிட்ட பொருளை அழிப்பதாகும்.

4. வழக்கும் வழுவும்

'தங்கம் விலை' என்னும் தலைப்பை ஈண்டு நோக்கலாம். வேற்றுமைத் தொகையாயின் 'தங்க விலை' என மகர ஈறு கெட்டு வரல் வேண்டும். மக்கள் தேடும் வடிவத்தையே எழுதுகிறோம் என்பது ஊடகத்தாரின் விடை. அது முற்றும் தள்ளத்தக்கதன்று. அச்சிதழ்களிலும் இவ்வழக்கு உண்டு. தலைப்பில் வழக்கிற்கு இடந்தந்து, உள்ளே 'தங்கத்தின் விலை' என எழுதுவதே நடுநிலை. உள்ளடக்கமும் தேடற்சொல்லின் நிழலாகவே அமையுமாயின், வழக்கு இலக்கணத்தை வளர்ப்பதாகாது. எந்திரத்தின் பழைய குறைபாடே இலக்கணமாகிவிடும்.

'காரணம் இதுதான்', 'வெளியான முக்கியத் தகவல்' என்னும் தலைப்புகள் இவற்றினும் கேடானவை. ஊரும் பெயரும் நாளும் கூறாத இத்தலைப்பு அன்றைய படிப்பாளியை ஈர்க்கலாம். ஐந்தாண்டுகள் கழித்துத் தேடும் ஆய்வாளர்க்கு அது பயன்படாது.

5. முடிவுரை

தமிழ் வலைப்பதிவுகளின் தொடக்கக் காலத்தில், 2004இல் தோன்றிய 'தமிழ்மணம்' போன்ற திரட்டிகளே படிப்பவரையும் எழுதுபவரையும் இணைத்தன. அவை தளர்ந்தபின் தேடுபொறி தலைவாயிலாயிற்று. 2018இல் கூகுளின் விளம்பரத் திட்டம் தமிழ்ப் பக்கங்களுக்கும் விரிந்தமையால் முன்னிடமே வருவாய்க்கு வழியாயிற்று. 2024 மே மாதம் அமெரிக்காவிலும் ஆகஸ்டில் இந்தியாவிலும் செயற்கை நுண்ணறிவுச் சுருக்கவிடைகளைத் தேடல் முடிவுகளின் தலைப்பில் அந்நிறுவனம் காட்டத் தொடங்கியது. பக்கத்தை அடையாமலே விடை பெறுவோர்க்கு அதை எழுதியவர் யாரென்பது தெரியாமலே போகலாம். முன்னிடத்தின் பயன் இவ்வாறு குறைந்து வருகிறது என்பதை மறுப்பதற்கில்லை.

எனினும், கண்டறியத்தக்கவாறு எழுதுதல் என்பது வணிக உத்திக்கு முற்பட்டது. மனனத்திற்கெனச் செய்யுளில் அமைந்த நிகண்டு மரபினின்று விலகி, 1732இல் வீரமாமுனிவர் சதுரகராதியை அகரவரிசையில் அமைத்ததும் தேடுவோர் பொருட்டே. அந்நோக்கில் உகப்பாக்கம் இன்றும் வேண்டற்பாலதே. ஒரு கட்டுரைக்குள் ஊர்ப்பெயரை ஒரே வடிவில் ஆளுதல், பிற வடிவத்தை ஒருமுறையேனும் சுட்டுதல், எழுத்துகளைச் செம்மையாக உள்ளிடுதல், தலைப்பில் பொருளை மறைக்காதிருத்தல், உருபையும் சந்தியையும் காத்தல் ஆகியனவே அதன் கூறுகள். சொல்லை எண்ணும் உத்தி காலாவதியாயிற்று. எஞ்சி நிற்பது பதிப்பாசிரியரின் பணி. அதற்கு விதி வகுக்கும் பொறுப்பு மொழியியலார்க்கும் மொழிபெயர்ப்பாளர்க்கும் உரியது.