கோடாகிவிட்ட பெயர்

தேனி மாவட்டத்துப் பொட்டிப்புரத்தில் மலையைக் குடைந்து, ஏறத்தாழ 2 கிலோமீட்டர் நீளமுள்ள சுரங்கத்தின் உட்கோடியில், 50,000 டன் காந்தமூட்டிய இரும்பைக் கொண்ட நியூட்ரினோ ஆய்வுக்கருவியை நிறுவும் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2015 ஜனவரியில் இசைவளித்தது முதலாக, அச்சிற்றூரின் பெயர், திட்டத்தை விளக்குவோர், எதிர்ப்போர் ஆகிய இருதிறத்தாரின் வரைபடங்களிலும் ஏறிற்று. அப்படியொரு படத்தை அச்சுக்கோப்பிலிருந்து எஸ்விஜி வடிவத்துக்கு மாற்றி உலாவியில் திறக்கும்போது ஊர்ப்பெயர் சிதைந்து தோன்றினால், நம் வடிவமைப்பாளர்கள் உடனே கைக்கொள்ளும் பரிகாரம் ஒன்றுண்டு. எழுத்தை எழுத்தாக வைக்காமல் வெறும் கோட்டுருவமாக்கிவிடும் அதனை, அச்சகத்தார் ‘கர்வ்’ செய்வது என்பார்கள். இவ்வழக்கத்தின் குணதோஷங்களை நிதானமாக எண்ணிப் பார்ப்பது அவசியமென்று கருதுகிறேன்.

குணம் அற்பமானதன்று. இணையப்பக்கத்தில் சாதாரணப் படமாகச் சேர்க்கப்படும் எஸ்விஜி கோப்பு வெளியிலிருந்து எழுத்துருவை வரவழைத்துக்கொள்ள இயலாது; எழுத்துரு அதனுள்ளேயே பொதிந்திருந்தாலன்றி, பார்ப்பவருடைய கணினியில் அகப்பட்டதைக் கொண்டே பெயர் வரையப்படும். கோடாகிவிட்ட எழுத்துக்கோ எந்த எழுத்துருவின் தயவும் வேண்டியதில்லை. இதழின் முகப்புத் தலைப்புக்கும் கடைச் சின்னத்துக்கும் அதனினும் நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

ஆயினும் நோய் இன்னதென்று பாராமலே செய்யப்படும் சிகிச்சை இது. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டெழுதிய கோப்பில் இருப்பவை தமிழெழுத்துக்களே அல்ல. ஆங்கிலக் குறிகளுக்குத் தமிழ் முகம் அணிவித்திருக்கிறார்கள். மெய்யின் புள்ளி அங்கே அரைப்புள்ளி. ‘ஈ’யோ, கணிதத்தில் ‘சிறியது’ என்பதைக் காட்டும் கூர்முனைக் குறி. எஸ்விஜிக்கு ஆதாரமான எக்ஸ்எம்எல் இலக்கணத்தில் அதே குறி ஓர் உறுப்பின் தொடக்கம். ஆதலால் ‘ஈசுவரன் கோயில்’ என்ற பெயரை மாற்றெழுத்தின்றி அப்படியே இட்டால், கெடுவது அப்பெயர் மட்டுமன்று, படம் முழுவதுமே பிழையென்று நின்றுவிடுகிறது.

வேறொரு நோய் இதற்கு நேர்மாறானது. யுடிஎஃப்-8 முறையில் செம்மையாக எழுதப்பட்ட தமிழை மேலைநாட்டுப் பழங்குறியேற்றமாகக் கொண்டு படித்தால், தலைமேல் சாய்கோடிட்ட லத்தீன் ‘ஏ’யும் வட்டத்துக்குள் அடைபட்ட ‘ஆர்’ எழுத்தும் திரும்பத் திரும்பத் தோன்றும். அவ்விரண்டையும் கண்டால், உள்ளே தமிழ் நலமாகவே இருக்கிறது, படிக்கும் முறைதான் தவறு என்று துணியலாம். அறிவிப்பு வரியைத் திருத்தினால் பெரும்பாலும் தீரும்.

படத்தை முகவரி வடிவில் நடைத்தாளுக்குள் புகுத்துவோர் இன்னொன்றையும் நினைவிற் கொள்ளவேண்டும். கண்ணுக்கு 7 எழுத்தாகத் தெரியும் ‘பொட்டிப்புரம்’ யூனிகோடில் 13 குறிகள், யுடிஎஃப்-8இல் 39 பைட்டுகள், சதவீதக்குறி முறையில் 117 எழுத்துக்கள். இவ்வளவையும் பொறுமையாக மாற்றிவிட்டு, வண்ணத்தைச் சுட்டும் ஹாஷ் குறியொன்றை மாற்ற மறந்தால், முகவரி அவ்விடத்திலேயே அறுந்துபோகும். பிடிஎஃப் வழியே வந்த படங்களிலோ, பகரத்துக்கு முன்னிற்கும் கொம்பு தனியே பிரிந்து, பார்வைக்குச் சரியாகவும் தேடலுக்குப் பிழையாகவும் நிற்பதுண்டு. இதுவே எல்லாவற்றிலும் கண்டுபிடிக்கச் சிரமமானது என்பது என் அனுபவம்.

இவற்றுள் ஒவ்வொன்றுக்கும் தனிப் பரிகாரம் இருக்க, எல்லாவற்றையும் கோட்டால் மூடிவிடுவது வரைபடத்துக்குப் பொருந்தாதென்பதே என் அபிப்பிராயம். வரைபடத்தில் ஊர்ப்பெயர் அலங்காரமன்று. தன் ஊரைத் தேடி வரும் குடியானவருக்கும், திரைவாசிப்பானின் குரலை நம்பியிருக்கும் பார்வையற்றவருக்கும் அது நுழைவாயில். தமிழக அரசு யூனிகோடை 2010இல் தரமாக ஏற்றுக்கொண்டுவிட்ட பின்னர், பழைய கோப்பை முதலில் யூனிகோடுக்கு மாற்றி, வேண்டிய எழுத்துக்களை மாத்திரம் கொண்ட சிற்றெழுத்துருவைப் படத்துக்குள் பொதிவது நியாயமான வேலை. கோடாக்கியே தீரவேண்டுமெனில், படத்தின் தலைப்பு உறுப்பிலேனும் பெயரை எழுத்தாக இடலாம்.

சோதனையாக நானே வரைந்து கோடாக்கிய சிறு படமொன்றில் அப்பகுதி ஊர்களான தேவாரத்தையும் போடியையும் சரியாக எழுதியிருந்தேன். ‘பொட்டிபுரம்’ என்று பகர ஒற்று ஒன்று விடுபட்டிருந்தது. கோப்பைத் திறந்து தேடினேன். ஊர்ப்பெயரே அதில் இல்லை, பக்கம் பக்கமாகத் தசமப்புள்ளி எண்களே இருந்தன. ஓர் ஒற்றைச் சேர்ப்பதற்கு அப்பெயர் முழுவதையும் மறுபடி வரைய நேர்ந்தது.