டர்போவுக்கு வெப்பம் வேண்டும்

பானெட்டுக்குள் இடமில்லாத காரில், சைலன்சரைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் டர்போவை மாட்டும் வழக்கம் அமெரிக்காவில் இருபது ஆண்டுகளாக இருந்துவருகிறது. யூட்டா மாநிலத்தின் ஸ்கொயர்ஸ் டர்போ சிஸ்டம்ஸ் நிறுவனம் 2000-களில் கமாரோ, கார்வெட் போன்ற கார்களுக்கு வேண்டிய பாகங்களை மொத்தமாகச் சேர்த்து விற்றதில் அது பரவியது. இடநெருக்கடிக்கு ஒரு வழி என்ற அளவில் நின்றிருந்தால் எனக்கு மறுப்பே இல்லை. ஆனால் இன்று இதற்காக வாதாடுபவர்கள் அங்கே நிற்பதில்லை. பின்னால் வைப்பதுதான் சிறந்தது, டர்போவின் டர்பைனைச் சுழற்ற வெப்பம் தேவையில்லை, எக்ஸாஸ்ட் வாயுவின் ஓட்டம் போதும், ஆறிய வாயு அடர்த்தி கூடியது என்பதால் இன்னும் நன்றாகவே தள்ளும் என்கிறார்கள். திரும்பத் திரும்பச் சொல்லப்பட்டதாலேயே இது உண்மையைப் போல் உலவுகிறது.

நல்லவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். 1998 முதல் 2002 வரை வந்த கமாரோவில் 5.7 லிட்டர் வி8 எஞ்சினின் பின்பாதி முன்கண்ணாடிக்குக் கீழே புதைந்து கிடக்கும். அங்கே டர்போவை நுழைப்பது பெரும்பாடு. பின் ஆக்சிலுக்கு அப்பால் குறுக்கே கிடக்கும் சைலன்சரை எடுத்தால் இடம் தயாராக இருக்கிறது. பானெட்டுக்குள் ஒயர்களும் ரப்பர் குழாய்களும் வேகாது. கேட்டலிடிக் கன்வெர்ட்டர் எஞ்சினுக்கு அருகிலேயே இருப்பதால் வண்டி கிளம்பியதும் சீக்கிரம் சூடாகிப் புகையைச் சுத்தம் செய்யும். டர்பைன் உலோகமும் குறைந்த சூட்டில் நெடுநாள் தாங்கும்.

எதிர்ப்பாளர்கள் வழக்கமாகச் சொல்லும் ஒரு குற்றச்சாட்டையும் தள்ளிவிடலாம். அழுத்திய காற்று முன்னால் வரவேண்டிய நீளமான குழாய் நிரம்பவே நேரமாகிவிடும் என்பார்கள். ஆறு சென்டிமீட்டர் விட்டமும் மூன்று மீட்டர் நீளமும் உள்ள குழாயில் எட்டரை லிட்டர் காற்றுதான் இருக்கும். அதில் 0.4 பார் அழுத்தம் ஏற மேற்கொண்டு மூன்றரை லிட்டர் காற்று வேண்டும். 3,000 சுற்றில் ஓடும் அந்த வி8 எஞ்சின் விநாடிக்கு நூறு லிட்டருக்கு மேல் உறிஞ்சுகிறது. ஆக, டர்பைனால் ஏற்கெனவே முழு வேகத்தில் சுழற்றப்படும் கம்ப்ரஸருக்குக் குழாயை நிரப்ப விநாடியின் நூறில் சில பங்கு போதும். தாமதம் அந்தக் குழாயில் இல்லை. கம்ப்ரஸர் அந்த வேகத்தை எட்டுவதில்தான் இருக்கிறது.

டர்பைன் வாயுவிலிருந்து எடுக்கக்கூடிய வேலை மூன்றைப் பொறுத்தது: எத்தனை கிலோ வாயு வருகிறது, எவ்வளவு சூட்டில் வருகிறது, டர்பைனுக்கு முன்னும் பின்னும் அழுத்தம் எத்தனை மடங்கு வேறுபடுகிறது. முதலாவது மாறாது, எஞ்சினிலிருந்து கிளம்பிய நிறைதான் கடைசிவரை போகிறது. இரண்டாவது மாறுகிறது. எஞ்சின் வாயிலில் 800 டிகிரி செல்சியஸில் கிளம்பும் வாயு பின்சக்கரம் வருவதற்குள் 200 டிகிரியை மட்டும் இழக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கெல்வின் கணக்கில் 1,073 ஆக இருந்தது 873 ஆகிறது. அதே அழுத்த விகிதத்தில் கிடைக்கும் வேலையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு காரின் அடியில் காற்றோடு போய்விட்டது. கம்ப்ரஸர் கேட்கும் வேலையோ குறையவில்லை. ஈடுகட்ட மிஞ்சியிருப்பது மூன்றாவது ஒன்றுதான். டர்பைனின் இருபுறமும் 2 மடங்காக இருந்த அழுத்த விகிதத்தை 2.4 வரை ஏற்ற வேண்டும். அந்தக் கூடுதல் அழுத்தத்தை எதிர்த்துத்தான் பிஸ்டன் ஒவ்வொரு முறையும் புகையை வெளியே தள்ளுகிறது. கூலியைக் குறைத்துவிட்டு அதே வேலையைக் கேட்டால், குறைந்த பணம் வேறு யாரோ ஒருவர் பையிலிருந்து வந்தாக வேண்டும். இங்கே அந்தப் பை எஞ்சினுடையது.

அடர்த்தி வாதம் இங்கேதான் உடைகிறது. வாயு ஆறும்போது அடர்த்தி கூடுவது உண்மை. அதே விகிதத்தில் கன அளவு சுருங்குவதும் உண்மை. ஒரே வாய் வழியாகச் சுருங்கிய வாயு போனால் அதன் வேகம் விழும். அதனால்தான் பின்னால் மாட்டும்போது சின்ன வாய் உள்ள டர்பைன் கூட்டைத் தேர்ந்தெடுக்கிறார்கள். சின்ன வாய் என்றால் எதிரழுத்தம். பலர் எக்ஸாஸ்ட் குழாய் முழுவதும் வெப்பநாடாவையும் சுற்றுகிறார்கள். ஆறிய வாயுதான் நல்லதென்றால் அந்த நாடா எதற்கு? கை அறிந்ததை வாய் ஒப்புக்கொள்ள மறுக்கிறது.

எதிரழுத்தம் வெறும் தாள் கணக்கு இல்லை. புகை முழுதாக வெளியேறாமல் சிலிண்டரில் தங்குகிறது. அடுத்து வரும் கலவையை அது சூடேற்றுகிறது; கலவை தானாகவே வெடிக்கும் நாக்கிங் தலைகாட்டுகிறது. மேலே சொன்ன வி8, டர்போ இல்லாமல் ஓடுவதற்கென்று சிலிண்டரில் 10-க்கு 1 அளவிலான அமுக்க விகிதத்தில் செய்யப்பட்டது. அதில் நாக்கிங்குக்கு இடம்கொடுப்பது பிஸ்டனையே பணயம் வைப்பது. இக்னிஷன் டைமிங்கைப் பின்தள்ளித்தான் தப்பிக்க வேண்டும். அப்படித் தள்ளும்போது, டர்போவால் கிடைத்த சக்தியில் ஒரு பகுதி போய்விடுகிறது.

இரண்டாம் உலகப் போர்க்கால பி-47 தண்டர்போல்ட் விமானத்தைச் சான்றாகக் காட்டுபவர்கள் உண்டு. மூக்கில் எஞ்சின், விமானிக்குப் பின்னால் வெகு தூரத்தில் டர்போ, இடையே உடம்பு முழுக்க ஓடும் குழாய்கள். அருமையான விமானம், சான்றுதான் பொருந்தவில்லை. அது 9,000 மீட்டர் உயரத்தில் பறக்கச் செய்யப்பட்டது. அங்கே வெளிக்காற்றின் அழுத்தம் தரையில் இருப்பதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. எக்ஸாஸ்டைத் தரைமட்ட அழுத்தத்தில் வைத்திருந்தாலே டர்பைனுக்கு மூன்று மடங்கு விகிதம் கிடைத்துவிடும். வானம் கொடுத்த அந்தக் கொடை நெடுஞ்சாலையில் கிடையாது. குண்டுவீச்சு விமானங்களுக்குத் துணையாக மணிக்கணக்கில் ஒரே சீராகப் பறந்த எஞ்சினும், ஒவ்வொரு சிக்னலிலும் ஆக்சிலரேட்டரை விட்டுவிட்டு மிதிக்கப்படும் எஞ்சினும் ஒன்றல்ல.

தொழிற்சாலைகள் எந்தப் பக்கம் போயிருக்கின்றன என்றும் பாருங்கள். 2008-இல் பிஎம்டபிள்யூ எக்ஸ்6 காரின் வி8 எஞ்சினில் டர்போக்கள் இரு சிலிண்டர் வரிசைகளின் நடுப்பள்ளத்துக்குள்ளேயே வந்துவிட்டன. 2014-இல் மெர்சிடிஸ்-ஏஎம்ஜி ஜிடி அதையே செய்தது. நடுப்பள்ளத்தில் சேரும் சூட்டைச் சமாளிக்கக் கவசமும் குளிர்விப்பும் தனியாக வேண்டியிருந்தது. அத்தனை சிரமத்தையும் ஏற்று அவர்கள் காப்பாற்ற நினைத்தது, சிலிண்டரிலிருந்து துடிப்புத் துடிப்பாக வரும் சூடான வாயுவின் சக்தியை. மூன்று மீட்டர் போவதற்குள் அந்தத் துடிப்பும் மழுங்கிவிடும்.

பிறகு ஏன் பின்டர்போ போட்டவர்கள் திருப்தியாக இருக்கிறார்கள்? 5.7 லிட்டர் எஞ்சின் டர்போ இல்லாமலே வண்டியைத் தூக்கிக்கொண்டு போகும். டர்போ ஏற்றும் கூடுதல் அழுத்தமான பூஸ்ட் மெல்ல வந்தால் யாருக்கும் தெரியாது. கேட்கும் பூஸ்டும் 0.4 பாரை ஒட்டித்தான் என்பதால் இழப்பும் சிறிதாகவே இருக்கும். பெரிய எஞ்சின் மூடிமறைத்த குறையை இவர்கள் அமைப்பின் நிறையாக எண்ணிவிட்டார்கள். அதை நம்பி 1.6 லிட்டர் நாலு சிலிண்டர் காரின் பின்னால் டர்போவை மாட்டுபவர் ஏமாந்துதான் போவார். சக்தியை அளக்கும் டைனோ இயந்திரத்தின் தாளும் அவரைக் காப்பாற்றாது. முழு ஆக்சிலரேட்டரில் சீராகச் சுற்றை ஏற்றி எடுக்கும் உச்சக் குதிரைத்திறன் அது. மிதித்த அடுத்த கணம் என்ன நடக்கிறது என்பது அந்தக் கோட்டில் பதிவாவதில்லை.

ஆயில் விஷயமும் இருக்கிறது. வழக்கமான டர்போவில் ஆயில் தானாகவே சம்ப்புக்கு வடிந்துவிடும். தரையை ஒட்டிப் பின்னால் இருப்பதில் அது வடிய வழியில்லை. மின்சாரப் பம்ப் ஒன்று இழுத்து முன்னால் அனுப்ப வேண்டும். அந்தப் பம்ப் நின்றால் ஆயில் தேங்கி, சீலைத் தாண்டிக் கசிந்து, வெண்புகையாக வெளியேறும். காற்று ஃபில்டர் சக்கரத்துக்குப் பக்கத்தில் இருப்பதால் சேறும் தண்ணீரும் தனி. கவனமாகப் பொருத்தினால் இவற்றைச் சமாளிக்கலாம். வெப்ப இழப்பை அப்படிச் சமாளிக்க முடியாது.

என் கணக்கை நம்ப வேண்டாம், அளந்து பார்க்கட்டும். டர்பைனுக்கு முன்னால் எக்ஸாஸ்ட் குழாயில் ஒரு துளை போட்டு, சூடு தாங்கும் மெல்லிய குழாய் வழியாக ஒரு அழுத்தமானியை இணைத்தால் போதும். பூஸ்ட் காட்டும் மீட்டரைப் படம்பிடித்துப் போடுபவர்கள், அதன் பக்கத்தில் இந்த எண்ணையும் வைக்கட்டும். பின்னால் வைத்ததே சிறந்தது என்ற வாதத்தைப் பிறகு பேசலாம்.